பழைய படமும் இன்றைய இடமும்: ஸ்காட்லாந்தில் நேர்ந்த சந்திப்புகள்

டண்டீக்கரை:
பழைய படத்தோடு அது எடுக்கப்பட்ட இடத்தில் நின்றபோது யாரைச் சந்தித்தோம் என்பதுதானே இங்கே பேச்சு? என் கதை டண்டீ நகரருகே டே ஆற்றைக் கடக்கும் ரயில் பாலத்தில் நடந்தது. 1879 டிசம்பர் 28 இரவுப் புயலில் நடுப்பகுதியின் உயர்ந்த இரும்புச் சட்டங்கள் ரயிலோடு ஆற்றில் விழுந்த பிறகு, விசாரணை மன்றத்துக்காக டண்டீயின் வாலண்டைன் என்ற ஒளிப்பட நிறுவனத்தார் முறிந்த தூண்களைப் படமெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, 1887இல் திறக்கப்பட்ட இன்றைய பாலத்தின் ஓரமாக நீருக்கு மேல் தெரியும் பழைய அடித்தூண்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாயோடு நடந்து வந்த முதியவர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். தம் பாட்டியின் சித்தப்பா அந்த ரயிலில் போனவர் என்றும், அவர் முகம் பதிந்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாததால் ஆண்டுதோறும் அந்த நாளில் இதுபோன்ற ஒரு தூணின் படத்தைத்தான் மேசைமேல் எடுத்து வைப்பார்கள் என்றும் சொன்னார். நானோ அதுவரை, குறுக்குக் கம்பிகளைத் தாங்கிய வார்ப்பிரும்புப் பிடிகள் எங்கே முறிந்தன என்பதை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.

லீத்வாசி:
எனக்கு நேர்ந்தது எடின்பரோவை ஒட்டிய மீனவர் குடியிருப்பான நியூஹேவனில். ஹில், ஆடம்சன் என்ற ஒளிப்படக் கலைஞர்கள் இருவரும் 1840களில் எடுத்த மீன்காரிகளின் படங்களைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். துறைமுகச் சுவரருகே அமர்ந்து அவற்றுள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த மூதாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "கூடை காலி, பாரம் இருந்தால் முதுகு இப்படி நிற்காது" என்றார். அவருடைய பாட்டி கூடை சுமந்து எடின்பரோ வீடுகளின் படியேறி மீன் விற்றவராம். கம்பீரம், கண்ணியம் என்று கலை விமர்சகர்கள் இத்தனை காலம் வியந்து எழுதிவந்த உருவத்தை அவர் ஒரே பார்வையில் நாடகம் என்று தள்ளிவிட்டார். எனக்கும் இப்போது அவை நாடகமாகவே தெரிகின்றன.

ஹிர்டா போனவன்:
லீத்வாசி சகோதரியின் முடிவை நான் ஏற்கவில்லை. ஹில்லும் ஆடம்சனும் பயன்படுத்திய காகித எதிர்ப்படத்தில் (நெகட்டிவில்) உருவம் பதிய, நல்ல வெயிலிலும் பல விநாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. நிறைகூடையோடு யாரால் அப்படி நிற்க முடியும்? நிற்கச் சொல்லி எடுத்தது என்பதால் மட்டும் ஒரு படம் பொய்யாகிவிடாது. ஸ்காட்லாந்தின் மேற்கே தொலைவில் உள்ள செயின்ட் கில்டா தீவுகளின் "நாடாளுமன்றம்" என்று பெயர்பெற்ற 1886ஆம் ஆண்டுப் படத்தில் ஆண்கள் தெருவில் கூடி நிற்பதும் கேமராவுக்காகத்தான். ஆனால் அன்றன்று செய்ய வேண்டிய வேலையைப் பேசி முடிவெடுக்க அவர்கள் காலையில் அப்படிக் கூடியது உண்மை. அத்தீவுகளுள் பெரியதான ஹிர்டாவில் அதே தெருவில் அந்தப் படத்தோடு நின்றிருந்தேன். 1930 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சியிருந்த 36 பேரும் வெளியேறிய அந்தத் தெருவில் கூரையற்ற வீட்டு வாசலொன்றை அந்தத் தீவுகளுக்கே உரிய சோய் இனச் செம்மறியாடு ஒன்று அடைத்து நின்றது. கரையோரம் ராணுவ ராடார் தளம். தளத்து ஊழியர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்து, "எங்கள் காலைக் கூட்டமும் இதேதான், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு யாரும் முதலில் வாய் திறக்க மாட்டோம்" என்றார். படத்தைப் பற்றி நான் படித்த விளக்கங்கள் எவையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

பழைய அஞ்சலட்டை:
ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரெய்ல் துறைமுகத்தில் பழைய படத்தின் கோணத்தைத் தேடி நின்றபோது, ஒரு வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து, இன்று அங்கே நிற்கும் மூன்றாவது ஆள் நான் என்று சொல்லிச் சாத்திக்கொண்டார். இது இருக்கட்டும். படங்களோடு புறப்படும் அன்பர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கோணம் பிடிக்க மரங்களை நம்பாதீர்கள். ஒரு கூரை மற்றொரு கூரையை மறைக்கும் விளிம்பைப் பிடித்தால் நிற்க வேண்டிய கோடு தானாக அகப்படும். படத்தின் ஓரத்தில் ஜி.டபிள்யூ.டபிள்யூ. என்றிருந்தால் அது அபர்டீனின் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் நிறுவனத்தது, ஜே.வி. என்றால் வாலண்டைன். பின்புறம் செய்திக்கும் முகவரிக்கும் இரண்டாகப் பிரிந்திருந்தால் அஞ்சலட்டை 1902க்கு முந்தியதாக இராது. அரைப் பென்னி தபால்தலையில் போயிருந்தால் 1918 ஜூன் கட்டண உயர்வுக்கு முந்தியது என்று கொள்ளலாம். ஆயினும் தபால்தலை அட்டை போன நாளைத்தான் சொல்லும், படமெடுத்த நாளைச் சொல்லாது. பழைய கண்ணாடித் தகடுகளிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் அட்டை அச்சிட்டார்கள். எடின்பரோத் தெருவில் டிராம் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பிளவு ஓடினால் அது தரைக்கடியில் ஓடிய கேபிள் டிராமை இழுத்த காலம், 1923க்குப் பிந்தியதல்ல. வீட்டு முன் இரும்புக் கம்பிவேலி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்புக்காக ஏராளமானவற்றை அறுத்தெடுத்துவிட்டார்கள், கல்விளிம்பில் அடிக்கட்டைகள் இன்னும் தெரியும்.

கிளாஸ்கோ மழை:
தேதி கணிப்பது நல்லதுதான், ஐயா. படமெடுக்கப் பணம் கொடுத்தது யார் என்பதையும் கேட்க வேண்டாமா? ஒளிப்படக் கலைஞர் தாமஸ் அன்னன் 1868 முதல் 1871 வரை கிளாஸ்கோவின் பழைய சந்துகளை எடுத்தது, அவற்றை இடித்துத் தள்ள 1866ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நகர மேம்பாட்டு அறக்கட்டளைக்காக. இடிக்கப் போகிறவர்களே கேட்டு வாங்கிய படங்களைத்தான் இன்று நாம் பழமையின் அழகு என்று ரசிக்கிறோம். ஹை ஸ்ட்ரீட் பேருந்து நிறுத்தத்தில் அவற்றுள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுமி, "அந்தப் பிள்ளைக்கு ஏன் முகமில்லை?" என்று தாயைக் கேட்டாள். "அசைந்துவிட்டது" என்றார் தாய். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். ஹிர்டா அன்பர் சொல்வதுபோல் நிற்கச் சொல்லி எடுத்ததை மன்னிக்கலாம். இந்தச் சந்துகளில் முகம் தெரிய நில்லுங்கள் என்று அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

லீத்வாசி:
டண்டீக்கரை, அந்தப் பிரதியை முதியவரிடமே கொடுத்துவிட்டீர்களா?

டண்டீக்கரை:
நீட்டினேன், வாங்கவில்லை. வீட்டிலிருப்பது வேறொரு தூணின் படம், அதுதான் தங்களுடையது, இது வேறு யாருடையதோ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.