"அம்மம்மா வீட்டார்" குழுவும் மருதமுனைச் சீலையும்

2019 மார்ச் 20, புதன்
(வதனியின் கைபேசியிலிருந்து. கிறைஸ்ட்சேர்ச் நேரம்.)

22.41 வதனி: ஒருவரும் படுக்கவில்லையா? ஓர் அவசரம். போன வெள்ளி இங்கே இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொன்றார்களே, அவர்களின் நினைவாக இந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் விரும்பினால் தலையில் முக்காடு போட்டு வரலாம் என்று ஆரணியின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 1.30க்கு நாடு முழுக்க வானொலியில், டிவியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. 1.32க்கு இரண்டு நிமிட மௌனம். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் நிற்கப்போகிறார்கள், பெற்றோரும் வரலாம். இவளுடைய கூட்டத்தில் ஐந்து பிள்ளைகளிடம் துணி இல்லை. என் துப்பட்டா எல்லாம் கண்ணாடி வைத்த மினுங்கல், செத்த வீட்டுக்குப் போகிற துணியா அது? அம்மம்மா 2016ல் வந்தபோது விட்டுப்போன பச்சைச் சீலையை வெட்டட்டுமா?

22.43 ரமணன்: எந்தச் சீலை

22.43 வதனி: மருதமுனைக் கைத்தறி

22.44 பெரியம்மா: வெட்டாதே!!!

22.44 பெரியம்மா: அது எனக்கென்று அம்மா சொன்னது.

22.46 அம்மா: எப்போது சொன்னார்?

22.47 பெரியம்மா: அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்தன்று. நீ அடுப்படியில் நின்றாய்.

22.48 அம்மா: நான் எப்போதும் அடுப்படியில்தான் நின்றேன். அதைப் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

22.48 ரமணன்: தொடங்கியாச்சு

22.50 சசி மாமா: வதனி, பிள்ளை எப்படி? நித்திரை கொள்கிறாளா?

22.55 வதனி: என்னோடுதான் படுக்கிறாள் மாமா. போன வெள்ளிக்கிழமை மாலை வரை பள்ளிக்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்குக் கீழே இருந்தார்கள். பக்கத்தில் அந்த ஃபிஜிப் பிள்ளை. அதன் தகப்பன் அல் நூர் பள்ளிவாசலில்தான் ஜும்ஆவுக்குப் போவார். கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்ததாம், எடுக்கக் கூடாது என்று ரீச்சர் சொல்லிவிட்டார். எடுத்துப் பார்த்தால் தகப்பன்தான். அன்று வேலையில் பிந்திவிட்டாராம்.

22.56 அம்மா: முருகா

22.58 சசி மாமா: பிந்தினது நல்லது

23.10 பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம் (ரொறன்ரோவில் காலை). முக்காடு பற்றிச் சில விளக்கங்கள். தலையை மறைப்பது முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. மட்டக்களப்பில் எங்கள் பாட்டிமார் வெயிலுக்கும், பெரியவர்கள் எதிரே வந்தாலும் சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். தேவாலயம் போகும் கத்தோலிக்கப் பெண்கள் வலைத்துணி போடுவார்கள். சீக்கியரின் தலைப்பாகை வேறு. ஆகவே இதில் ஒரு மதம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டாவது, பாங்கு என்பது பாரசீகச் சொல், அரபியில் அதான். மூன்றாவது விடயம் பிறகு எழுதுகிறேன், தேநீர் ஆறுகிறது.

23.11 ரமணன்: 👍

23.11 சசி மாமா: 👍

23.20 பெரியப்பா: (வீடியோ)

23.20 பெரியப்பா: மனம் கேட்கவில்லை. பார்க்க மனத்தைரியம் உள்ளவர்கள் மட்டும் பார்க்கவும்.

23.21 சசி மாமா: அத்தான் அழியுங்கள்

23.21 சசி மாமா: உடனே

23.22 சசி மாமா: அது சுட்டவன் தன் தலைக்கவசத்தில் கமரா வைத்து எடுத்தது. திங்கட்கிழமை தலைமைத் தணிக்கை அதிகாரி தடை போட்டுவிட்டார். நியூசிலாந்தில் வைத்திருந்தால் 10 வருடம் வரை, அனுப்பினால் 14 வருடம் வரை. நானும் வதனியும் இங்கே இருக்கிறோம். அவனுக்கு வேண்டியதே எல்லோரும் பார்ப்பதுதான்.

23.24 (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

23.25 வதனி: கவினும் இந்தக் குழுவில் இருக்கிறான் பெரியப்பா

23.26 கவின்: நான் பார்க்கல

23.31 பெரியப்பா: நீக்கிவிட்டேன். தெரியாமல் போட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 90ல் எங்கள் ஊர் எரிந்தபோது எந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்காகத் தலையில் துணி போட்டது? என் தம்பியை யார் காட்டிக்கொடுத்தது என்று இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

23.52 குகன்: இது அந்தக் கணக்கு இல்லை பெரியப்பா

23.53 பெரியப்பா: யாழ்ப்பாணத்தாருக்கு மட்டக்களப்புக் கணக்கு விளங்காது தம்பி.

23.58 குகன்: எங்கள் கணக்கு 90 ஒக்டோபர் 30. சோனகத் தெரு முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போகப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வீடு, கடை, சைக்கிள், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பத்து வயது. அப்பா கதவைச் சாத்தி வைத்தார். நான் சன்னல் இடுக்கால் பார்த்தேன்.

00.20 ரமணன்: பெரியம்மா, அந்த ஹீத்ரோ டிக்கெட் என்னவாயிற்று? ஓகஸ்டா, ஜூலையா?

00.22 பெரியம்மா: ஓகஸ்ட். பிறகு பேசுவோம்.

மார்ச் 21, வியாழன்

15.40 வதனி: பிரதமர் ஜெசிந்தா ராணுவ ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை அறிவித்துவிட்டார். நடந்து ஆறு நாள்.

15.42 ரமணன்: வேகம்

15.50 வதனி: துணி விடயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள். இன்றிரவு வெட்டித் தைக்க வேண்டும்.

16.04 அம்மா: அம்மம்மாவுக்குச் சொன்னேன். சாய்மனைக் கதிரையில் இருந்து சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

16.15 அம்மா: "மனே வதனி, சீலைய வெட்டு. அது புவனாக்கும் இல்ல, மாலாக்கும் இல்ல. அந்தச் சீலைக்கு நான் இன்னும் காசு குடுத்து முடிக்கல்ல. காத்தான்குடி சுபைதா ராத்தாட மனிசன் சைக்கிள்ல துணி மூட்டை கட்டிக்கொண்டு வருவார். மருதமுனைத் தறியில எடுத்த சீலை. பாதிக் காசு குடுத்தன், மிச்சம் அடுத்த முறை தாறன் எண்டன். 90ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3ஆம் திகதி. அதுவும் வெள்ளிக்கிழமைதான். இஷாத் தொழுகைக்குப் போன மனிசன். ரெண்டு பள்ளிவாசல்லயும் தொழுதுகொண்டு இருந்தவங்கள சுட்டுப்போட்டாங்க. எங்கட பொடியன்கள்தான், புலிகள். நூறு பேருக்கு மேல, சின்னப் பிள்ளைகளும். மறுகா பாதை இல்ல, பயம். நாங்க ஒருத்தரும் அந்த வீட்டுக்குப் போகல்ல. பாதை திறந்த பிறகும் போகல்ல."

16.16 அம்மா: முடிந்துவிட்டது. தண்ணீர் கேட்கிறார்.

16.18 அம்மா: இதை அம்மா எனக்கும் சொன்னதில்லை.

16.40 பெரியம்மா: 92ல் என் கலியாணத்துக்கு அந்தச் சீலையை உடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னால் பழைய வாயில் சீலையோடு நின்றார். நான் எத்தனை வருடம் கோபமாக இருந்தேன்.

16.41 ரமணன்: ம்

16.44 பெரியம்மா: சரி, வெட்டு. ஆனால் முந்தானையை வெட்டாதே, அது எனக்கு வேண்டும். சீலை ஐந்தரை மீற்றர், அகலம் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. சதுரமாக வெட்டினால் நாலு துண்டு வரும், பிறகு முந்தானை. கரையை உள்ளே மடித்து ஓடுதையல் போடு. முதலில் ஃபோலை உரி. தண்ணீர் தெளித்து இஸ்திரி போடு, கைத்தறி சுருங்கும். ஊசி குத்துகிற இடத்தில் நாடாத் துண்டு வை, கிழியாது.

16.45 வதனி: ஐந்து பிள்ளைகள் பெரியம்மா

16.46 பெரியம்மா: ஒரு பிள்ளைக்கு உன் துப்பட்டா.

16.46 அம்மா: முந்தானை யாருக்கு என்று பிறகு பார்ப்போம்

17.30 சசி மாமா: சாப்பாடு ஏதும் கேட்டார்களா?

17.33 வதனி: "ஒரு தட்டு கொண்டு வாருங்கள்" என்று போட்டிருக்கிறார்கள் 😄

17.33 ரமணன்: மாமா!!!!

17.34 கவின்: மாமா!!!

17.36 சசி மாமா: 2004ல் நான் புதிது. தட்டு கொண்டு வா என்றால் தட்டுத்தானே. கழுவித் துடைத்து, கடதாசியில் சுற்றிக் கொண்டு போனேன். அதில் பலகாரம் வைத்துக் கொண்டு வர வேண்டும் என்று எந்த அகராதியில் இருக்கிறது? இன்னும் எத்தனை வருடத்துக்குச் சிரிப்பீர்கள்?

17.37 ரமணன்: இன்னும் இரண்டு

17.41 அம்மா: வட்டிலப்பம் செய் என்கிறார் அம்மம்மா. சுபைதா ராத்தா சொல்லிக் கொடுத்த பக்குவம். பத்து முட்டை, கித்துள் கருப்பட்டி, முதல் தேங்காய்ப் பால், ஏலம், சாதிக்காய். வனிலா எசன்ஸ் விடாதே, அதில் மதுசாரம் இருக்கும். பொங்கிப் பொறிந்தால் கெட்டுப்போகும். ஆவி மெல்ல வர வேண்டும்.

17.43 வதனி: கித்துள் கருப்பட்டி இங்கே ஒரு கடையில்தான் கிடைக்கும், ஐந்தரைக்குப் பூட்டியிருப்பார்கள்

17.44 சசி மாமா: கடைச் சீனியில் செய், ஒருவருக்கும் தெரியாது

17.45 அம்மா: தெரியும்

18.20 கவின்: நாளைக்கு நாங்கள் ஹாக்கா ஆடுகிறோம். திங்கட்கிழமை பள்ளிவாசல் பக்கம் மற்றப் பள்ளிக்கூடப் பொடியன்கள் ஆடிய மாதிரி

18.24 அம்மா: அம்மம்மா கேட்கிறார், செத்த வீட்டில் நாக்கை நீட்டிக்கொண்டு குதிக்கிறதா என்று

18.26 கவின்: மவோரி ஆட்களுக்கு அதுதான் மரியாதை அம்மம்மா. சாவுக்கும் ஆடுவார்கள். எனக்கு நேற்றுத் தொண்டை போய்விட்டது

18.28 அம்மா: "எங்கட ஊர்ல பறை அடிக்கிற மாதிரி" என்கிறார். சரியாம்.

21.15 வதனி: துணி ரெடி. ஒரு செய்தி. அந்த ஃபிஜிப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் வரமாட்டாள். தகப்பனோடு ஹேக்லி பூங்காவுக்குப் போகிறாள், பள்ளிவாசலுக்கு எதிரே அங்கேதான் ஜும்ஆ.

21.16 ரமணன்: அப்ப யாருக்காக முக்காடு 😅

21.19 வதனி: ஆரணியும் அதைத்தான் கேட்டாள். அந்தப் பிள்ளை சொன்னதாம், "நீங்கள் எல்லோரும் போட்டால் திங்கட்கிழமை நான் பஸ்ஸில் வரும்போது யாரும் என்னை மட்டும் பார்க்கமாட்டார்கள்." அதன் தாய்க்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. மதத்தை மாறுவேடப் போட்டி மாதிரி ஆக்குகிறார்கள் என்கிறார். அதுவும் சரிதான் போல இருக்கிறது. நான் என்ன செய்ய, வெட்டியாகிவிட்டது.

21.20 குகன்: போடட்டும்

மார்ச் 22, வெள்ளி

13.05 வதனி: (படம்)

13.06 சசி மாமா: யார் அந்த உயரமான பிள்ளை, சீலை நன்றாக இருக்கிறது

13.07 வதனி: பொன் நிறத் தலைமுடி, முக்காடு நிற்கவே மாட்டேன் என்கிறது, ஏழு ஊசி குத்தினேன். வட்டிலப்பம் நடுவில் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை.

13.08 அம்மா: அடுப்பைக் கூட்டி வைத்திருப்பாய்

13.29 வதனி: தொடங்குகிறது

13.41 வதனி: மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பாங்கு சொல்லும்போது காற்றில் சத்தம் போய்ப் போய் வந்தது. முக்காடு போட்ட பிள்ளைகள், போடாத பிள்ளைகள், எல்லோரும் அசையாமல் நின்றார்கள். மௌனத்தின்போது ஒரு குழந்தை "முடிந்ததா?" என்று கேட்டது. கவின் ஆட்களின் ஹாக்கா கடைசியில். எனக்குக் கை நடுங்கியது, வீடியோ எடுக்கவில்லை.

13.42 அம்மா: இங்கே காலை ஆறு மணி. அம்மம்மா எழும்பி இருந்தார். காத்தான்குடிப் பக்கம் பார்த்துக்கொண்டு.

14.10 பெரியப்பா: நேரடியாகப் பார்த்தேன். பூங்காவில் பல ஆயிரம் பேர். பிரதமர் ஒரு நபிமொழி சொன்னார். இறைநம்பிக்கையாளர்கள் ஓர் உடம்பு போல, ஓர் உறுப்பு நொந்தால் உடம்பு முழுவதும் நோகும் என்று. இமாம் பேசியதும் நன்று. துப்பாக்கியோடு நின்ற பெண் பொலிஸும் முக்காடு போட்டிருந்தாள்.

14.11 ரமணன்: மூன்றாவது விடயம் என்ன பெரியப்பா

14.25 பெரியப்பா: ஞாபகம் இல்லை.

14.40 வதனி: தட்டைப் பிள்ளைகள் அந்த வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், மிச்ச வட்டிலப்பத்தோடு. தட்டு இன்னும் வரவில்லை.

14.41 சசி மாமா: வெறும் தட்டாகவா கொண்டு போனார்கள் 😄

ஏப்ரல் 21, ஞாயிறு

15.52 ரமணன்: அம்மா எங்கே இருக்கிறீர்கள்

15.52 ரமணன்: மட்டக்களப்பில் ஏதோ வெடித்ததாம்

15.58 வதனி: அம்மா

16.03 அம்மா: வீட்டில். இருவரும் நலம். சீயோன் தேவாலயம். ஈஸ்டர் ஆராதனை. சத்தம் இங்கே கேட்டது. கொழும்பிலும் நடந்திருக்கிறது.

16.04 சசி மாமா: கதவைப் பூட்டு

16.30 அம்மா: அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகள். ஞாயிறு பள்ளிக்குப் போனவை.

ஏப்ரல் 23, செவ்வாய்

08.14 பெரியப்பா: காத்தான்குடிக்காரன்தான் தலைவன் என்று செய்தி. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

08.50 குகன்: ஒன்றும் சொல்லவில்லை

11.20 வதனி: அந்தப் பிள்ளையின் தாய் இப்போதுதான் வந்து போனார். பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். "உங்கள் அம்மம்மா மட்டக்களப்பு என்று ஆரணி சொன்னாள், நலமா?" என்று கேட்டார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், பிறகுதான் வந்தார்.

11.22 அம்மா: தட்டு?

11.23 வதனி: கொண்டு வந்தார். சேமியாவும் பேரீச்சம்பழமும்.

11.31 அம்மா: அம்மம்மா கேட்கிறார், சுபைதா ராத்தா வீட்டு ஆட்கள் இன்னும் அதே வீட்டில் இருப்பார்களா, யாருக்குத் தெரியும் என்று.

11.33 சசி மாமா: இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். சோதனை, ஊரடங்கு

11.34 அம்மா: இப்போது இல்லை. பிறகு.

11.58 பெரியப்பா: என் பழைய மாணவன் ஒருவன் காத்தான்குடியில் இருக்கிறான். நம்பர் தேடிப் பார்க்கிறேன்.

12.02 பெரியம்மா: வதனி, முந்தானைத் துண்டு எங்கே?