கட்டாயத்துக்கு இல்லாம சும்மா ஆசைக்குப் புக் படிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க

மடிச்ச பக்கம்:
நாள் பூரா ரிப்போர்ட்டு, மெயிலு, சர்க்குலர்னு படிக்கிற வேலை எனக்கு, அதனால கதைப் புக்கை எடுத்தாக்கூட கை தானா பென்சிலைத் தேடும், எதையாவது அடிக்கோடு போட்டே ஆகணும்ங்கிற மாதிரி. சமீபத்துல ரயில்ல எதிர் சீட்ல ஒரு பெரியவர். அட்டை போட்ட புக்கு, என்ன புக்குன்னு தெரியல. சத்தமே வராம தோள் மட்டும் குலுங்கக் குலுங்க சிரிக்கிறாரு, கண்ணாடியைக் கழட்டி கண்ணைத் துடைக்கிறாரு, ஒரு பக்கம் பின்னாடி திருப்பி அதே இடத்தை மறுபடி படிச்சு மறுபடி சிரிக்கிறாரு. தாங்க முடியாம கேட்டேன், என்ன புக்கு சார்னு. "எத்தனாவது தடவை படிக்கிறேன்னு எனக்கே தெரியாது தம்பி, இந்த இடம் வரப்போகுதுன்னு நாலு பக்கம் முன்னாடியே சிரிப்பு வந்துருது"ன்னாரு. பேரை மட்டும் சொல்லல, நான் கேட்டதையே மறந்துட்டு திரும்ப உள்ள போயிட்டாரு. கடைசியா நான் அப்படி எப்பப் படிச்சேன்னு யோசிச்சுப் பார்த்தா ஞாபகமே வரல. உங்களுக்கு?

ஜன்னலோர சீட்:
ஆப்ல வருஷத்துக்கு இத்தனை புக்குன்னு டார்கெட் வச்சுக்கிட்டவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும்தான். டிசம்பர் வந்தா கணக்கை முடிக்கறதுக்குன்னே ஒல்லியான புக்கா தேடித்தேடி எடுப்பேன், எது பிடிக்கும்னு இல்ல, எது சீக்கிரம் முடியும்னு. இப்ப அந்த ஆப் போன்லயே இல்ல. தலகாணி சைஸ்ல ஒரு நாவல் ஓடுது, எப்ப முடியும்னு தெரியாது, அவசரமும் இல்ல.

ஷெல்ஃப் காவல்:
நான் லைப்ரரில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. புக்கைத் திருப்பிக் குடுக்கும்போது "முடிக்கல மேடம்"னு ஏதோ தப்புப் பண்ணின முகத்தோட சொல்றவங்கதான் ஜாஸ்தி. அவங்ககிட்ட நான் சொல்றது அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன 50 பக்க விதி. 50 பக்கம் படி, பிடிக்கலன்னா மூடி வை. வயசு 50 தாண்டினவங்க 100லேருந்து வயசைக் கழிச்சுக்கலாம், எனக்கு இப்ப 62, அதனால 38 பக்கம் போதும். 100 வயசுல அட்டையைப் பார்த்தே வேணாம்னு சொல்லிரலாமாம், அதுக்காகவே இருந்து பார்க்கணும்! பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992ல வாசகரோட உரிமைகள்னு பத்து எழுதினாரு, அதுல முதல் உரிமையே படிக்காம இருக்கிற உரிமைதான். பக்கம் தாண்டிப் போறது, பாதில விடறது, திரும்பப் படிக்கிறது எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு. ரயில் பெரியவர் பண்ணினது அதுல ஒண்ணு.

மெதுவா படிக்கிறவன்:
அக்கா, விதி நல்லாத்தான் இருக்கு, ஆனா நூறு பக்கம் வரைக்கும் இழுவையா இழுத்துட்டு அப்புறம் தூங்கவிடாத புக்கும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு நாவல் அப்படித்தான், ஃபிரெண்டு ஒருத்தன் விடாம நச்சரிச்சதாலதான் தாண்டினேன். அதனால எல்லாக் கட்டாயமும் கெட்டதுன்னு ஒத்துக்க மாட்டேன். பரீட்சைக்குப் படிக்கிறது வேற, அந்தக் கதை இங்க வேணாம்.

கேள்வி கேக்காத மாமா:
எங்க அக்கா பையன் மேட்டர் சொல்றேன். எந்தக் கதை படிச்சாலும் உடனே வீட்ல இதுல என்ன நீதி, யாரு நல்லவன்னு கேள்வி வரும். போன வாரம் என்கிட்ட வந்தான், கைல ஒரு கதைப் புக்கு, முதல் பக்கத்தைக்கூடத் திறக்கல, "மாமா, இதுல கேள்வி இருக்கா?"ங்கிறான். இல்லடான்னேன். "கடைசிலயும் இல்லையா?" இல்லடா. அப்புறம்தான் சோபால தலைகீழாப் படுத்து காலை சுவத்துல போட்டுக்கிட்டு படிக்க ஆரம்பிச்சான், அதுவும் நடுவுலேருந்து, படம் நல்லாயிருக்கிற பக்கமாப் பார்த்து. அக்காவுக்கு அதுலயும் குறை, வரிசையாப் படிக்கலயாம். விடுக்கா, அவன் பாட்டுக்குப் படிக்கட்டும்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். எட்டு வயசு, பேய் பிடிக்கும், டைனோசர் பிடிக்கும், பாடத்துக்குப் பின்னாடி பயிற்சி இல்லாத புக்கா யாராவது சஜஸ்ட் பண்ணுங்க.