லிப்64 போய்விட்டது, எந்தக் கட்டளையும் ஓடவில்லை

ரங்கூன் தம்பி:
அண்ணன்மாரே, அவசரம். கோவிலில் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வைத்திருக்கும் பழைய டெஸ்க்டாப், உபுண்டு லினக்ஸ் 22.04. டிஸ்க் நிரம்பிவிட்டதே என்று, பழைய மென்பொருள் ஒன்று விட்டுவைத்த லிப்64 ஃபோல்டரை அழிக்கப் போனேன். ./லிப்64 என்று அடிக்க வேண்டியவன் முன்னால் இருக்கிற புள்ளியை விட்டுவிட்டு, ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) இருந்துகொண்டே, கேட்காமலே அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப் /லிப்64 என்று தட்டிவிட்டேன், கணினியின் சொந்த லிப்64 போய்விட்டது. இப்போது கோப்புப் பட்டியல் காட்டும் எல்எஸ் அடித்தால்கூட அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது, ஆனால் எக்கோ போட்டுப் பார்த்தால் எல்எஸ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த டெர்மினலை இன்னும் மூடவில்லை. மூன்று வருடமாகப் பிள்ளைகளும் நானும் தட்டிய தமிழ்-பர்மியச் சொற்பட்டியல் அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் நகல் இல்லை. ஐந்து மணிக்கு கரண்ட் போகும், பேட்டரியும் கிடையாது.

இராவதிக்கரை:
தம்பி, டெர்மினலை மூடாதீங்க, அணைக்கவும் வேண்டாம். உங்கள் கோப்பு எதுவும் அழியவில்லை. 22.04-இல் /லிப்64 என்பது வெறும் சிம்லிங்க் (வேறிடத்தைக் காட்டும் குறுக்குவழி), நிஜ ஃபோல்டர் /யூஎஸ்ஆர்/லிப்64. ஆர்எம் அந்த சிம்லிங்க்கை மட்டும்தான் எடுத்திருக்கும். இல்லை என்று சொல்வது எல்எஸ்ஸை அல்ல. பெரும்பாலான நிரல்கள் ஓட முதலில் /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 என்ற, நிரலை ஏற்றி ஓடவைக்கும் லோடரைத் தேடும், அந்தப் பாதைதான் இப்போது இல்லை. எக்கோ, டெர்மினலில் ஏற்கெனவே ஓடும் பேஷ் ஷெல்லுக்குள்ளேயே இருப்பதால் தப்பித்தது. லோடரை நீங்களே நேராகக் கூப்பிடுங்கள், எல்லாம் ஒரே வரி:

/யூஎஸ்ஆர்/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 /யூஎஸ்ஆர்/பின்/எல்என் -எஸ் யூஎஸ்ஆர்/லிப்64 /லிப்64

ரூட்டாக இருக்கிறீர்களே, அது நல்லதாய்ப் போச்சு. ரூட் அதிகாரம் வாங்கித் தரும் சூடோவும் இப்போது ஓடாது.

ரங்கூன் தம்பி:
அண்ணே, பதிலைப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. இப்போது வந்ததும் ஆன் செய்தால் கர்னல் பேனிக் (லினக்ஸின் மையமே நின்றுபோவது) என்று நிற்கிறது. யூஎஸ்பியிலிருந்தே கணினியை ஏற்றும் லைவ் யூஎஸ்பி இறக்கலாம் என்றால் மூன்று ஜிபிக்கு மேல், என் போன் டேட்டா தாங்காது.

பெகு வாசகன்:
யூஎஸ்பி வேண்டாம். ஆன் ஆனதும் எதை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும்போது இ விசையைத் தட்டுங்கள் (மெனு வரவில்லையென்றால் ஆன் செய்தவுடன் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டணும்), லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு பிரேக்=பாட்டம் என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து எஃப்10. இனிட்ராம்எஃப்எஸ் (உபுண்டு ஏறுமுன் நினைவகத்தில் ஓடும் சிறு அமைப்பு) ஷெல் வரும். அதற்குத் தேவையானதெல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் உங்கள் டிஸ்க்கில் லோடர் இல்லாவிட்டாலும் ஓடும். உங்கள் டிஸ்க் அங்கே /ரூட் என்ற இடத்தில், படிக்க மட்டும் என்று மவுண்ட் ஆகியிருக்கும் (இணைந்திருக்கும்). அதனால் முதலில்

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /ரூட்

அப்புறம்

எல்என் -எஸ் யூஎஸ்ஆர்/லிப்64 /ரூட்/லிப்64

பிறகு எக்ஸிட். முதல் யூஎஸ்ஆருக்கு முன்னால் ஸ்லாஷ் போடக் கூடாது, அந்த ஒன்றில் மட்டும் கவனம்.

இராவதிக்கரை:
இதுதான் சரி, எனக்கு இது தோன்றவில்லை. ஏறி வந்ததும் முதல் வேலையாகச் சொற்பட்டியலை வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அப்புறம் நிறுவிய கோப்புகளைச் சரிபார்க்கும் டிபிகேஜி --வெரிஃபை ஓட்டுங்கள், மிஸ்ஸிங் என்று வரும் கோப்புகளின் பேக்கேஜை மட்டும் ஆப்ட்டில் (மென்பொருள் நிறுவும் கட்டளை) ரீஇன்ஸ்டால் செய்தால் போதும். /இடிசி-க்குள் தொலைந்த கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பு மட்டும் அப்படித் திரும்பாது, அதற்கு ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் என்ற தேர்வும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ரங்கூன் தம்பி:
வந்துவிட்டது அண்ணே! எல்என் அடித்து என்டர் தட்டியபோது ஒரு வரிகூடப் பதில் வரவில்லை, தப்பாகிவிட்டதோ என்று கை நடுங்கியது. எக்ஸிட் கொடுத்தேன், பத்து நொடியில் லாகின் திரை. சொற்பட்டியல் முழுசாக இருக்கிறது, இரண்டு பென்டிரைவில் எடுத்துவிட்டேன், ஒன்று பூசகர் வீட்டுக்குப் போகிறது. வெரிஃபையில் மிஸ்ஸிங் என்று ஒன்றும் வரவில்லை.