புட்டும் இடியப்பமும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று நம் சனம் நிறைய இருக்கிற இடங்களில், என்.டி.ஐ.எஸ். என்கிற அவுஸ்திரேலிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டத்தின் உதவி பெறுபவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்புப் பணியாளராகப் போய் வருகிறேன். பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் பல வீடுகளில் "எல்லாம் எழுதியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு" என்பார்கள். அம்மா திடீரென்று ஆஸ்பத்திரியில், வழக்கமாக வருபவர் லீவில், ஏஜென்சி அனுப்பிய புது ஆள் மாலையில் கதவைத் தட்டுகிறார் என்று வையுங்கள். அந்த ஆளுக்கு உதவுகிற மாதிரி எழுதியிருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஒரு வீட்டில் பெருமூளை வாதம் உள்ள மகன், நாற்பது வயதுக்குக் கிட்ட. விழுங்குவதில் சிரமம். திட்டத்தில் "மென்மையான உணவு, கவனமாகக் கொடுக்கவும்" என்று ஒரே வரி. அம்மா புட்டு அவித்து வைத்திருந்தார். நான் தயங்கியதும், "பிள்ளை, பஞ்சு மாதிரித்தானே இருக்கு, பார்" என்று விரலால் நசுக்கிக் காட்டினார். கைக்குப் பஞ்சுதான். ஆனால் வாய்க்குள் புட்டு உதிரும்; சரியாக விழுங்க முடியாதவருக்கு அந்த உதிரிதான் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். இருமல் வந்து காட்டிக்கொடுக்கும் என்றும் நம்ப முடியாது. சிலருக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கி, பிறகு நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அந்த அம்மாவின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று புட்டை ஒதுக்கிவிட்டு, பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளரைச் சாப்பாட்டு நேரத்திலேயே வரச்சொல்லும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டோம். சிகிச்சையாளர் வந்தார், அடுப்படிக்குள் நின்று பார்த்தார். அவர் அதுவரை சொதியைக் கண்டதில்லை. அம்மா ஊற்றிக் காட்டியதும் உடனே பிடித்துக்கொண்டார்: தண்ணீராக ஓடுவதும் மெல்ல வேண்டியதும் ஒரே வாயில் சேர்ந்து வந்தால் ஆபத்து என்றார்.

அப்புறம் வந்த திட்டம் வேறு மாதிரி இருந்தது. சர்வதேச உணவுப் பதத் தரவரிசையில் ஐந்தாம் நிலை, அதாவது பொடியாக்கிய ஈரமான உணவு, என்று முதலில். 2019 முதல் அவுஸ்திரேலியாவில் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்களுக்கு அந்த நிலையில் ஒரு துண்டின் அகலம் 4 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. முள்ளுக்கரண்டிப் பற்களின் இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு நம் சாப்பாடு, பெயர் சொல்லி: புட்டு வேண்டாம். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து மசித்து, மிஞ்சி நிற்கும் சொதியை வடித்துவிட வேண்டும். சோறு பருப்போடு குழைய வேண்டும், ஆனால் பசையாக ஒட்டவும் கூடாது, பருக்கை பருக்கையாகப் பிரியவும் கூடாது. ரசத்தில் தடிப்பாக்கும் மா எவ்வளவு, எந்தக் கரண்டியால், எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது, சாப்பிட்ட பிறகு எவ்வளவு நேரம் அப்படியே இருக்க வேண்டும், குரல் கரகரத்தால் நிறுத்த வேண்டும், மூச்சடைத்தால் அவசர எண் 000. தட்டின் படமும் ஒட்டியிருந்தது. 2021 நவம்பரிலிருந்து பதிவுபெற்ற சேவை வழங்குநர்களின் தரநிலைகளில் உணவுநேரப் பராமரிப்பு தனிப் பகுதியாகவே இருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொரு வீட்டில் அக்கா ஒருவரைத் தூக்கும் இயந்திரத்தால்தான் கட்டிலில் இருந்து எடுப்பார்கள். "இரண்டு பேர், இயந்திரம்" என்று மட்டும் எழுதியிருந்தது. தூக்குத் துணி என்ன அளவு, தோள்ப் பக்கம் எந்த நிற வளையம், கால்ப் பக்கம் எந்த நிறம் என்பதெல்லாம் கணவருக்குப் பழக்கத்தில் மனப்பாடம். மாற்றி மாட்டினால் உடல் சரியும். "நான்தானே எப்பவும் நிக்கிறன், தங்கச்சி" என்றார். அவருக்கே முதுகுப் பிடிப்பு வந்த பிறகுதான் வளையங்களின் படம் திட்டத்தில் ஏறியது.

வலிப்புக்கும் இதே கதைதான். "வலிப்பு வந்தால் அம்புலன்ஸ்" என்பது போதாது. இவருக்கு எப்படித் தொடங்கும், வழக்கமாக எத்தனை நிமிடத்தில் அடங்கும், ஐந்து நிமிடம் தாண்டினால் என்ன செய்வது, அவசர மருந்தைக் கொடுக்கப் பயிற்சி எடுத்தவர் யார் என்று வேண்டும்.

தோலைப் பற்றி எழுதுவதை நம்மவர்கள் வெட்கப்பட்டுத் தவிர்ப்பார்கள். தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 2020 ஏப்ரலில் அடிலெய்டில் இறந்த ஆன் மேரி ஸ்மித், ஒரே பணியாளரை நம்பி, பிரம்பு நாற்காலியிலேயே இருத்தப்பட்டு, உடலெல்லாம் அழுத்தப் புண்ணோடு கிடந்தவர். அந்தச் செய்தி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. இடுப்பு, குதிக்கால் எல்லாம் யார் பார்ப்பது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, அந்தப் பணியாளரைத் தவிர வேறு யார் வந்து பார்ப்பார்கள் என்று பெயரோடு எழுதுங்கள்.

சுவாச இயந்திரம் உள்ள வீடு என்றால், மருத்துவரின் உறுதிப்படுத்தலோடு மின்சார நிறுவனத்தில் உயிர்காப்புக் கருவி என்று பதிவு செய்துவிடுங்கள். கரண்ட் போனால் பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

ஒடியல் கூழுக்கு இதுவரை யாரும் எழுதிக் கொடுத்து நான் பார்க்கவில்லை. மீன், நண்டு, பயற்றங்காய் எல்லாம் ஒன்றாக மிதக்கிற சாமான் அது. உங்கள் வீட்டில் சிகிச்சையாளர் அதற்கு ஒரு வழி சொல்லியிருந்தால் இங்கே போடுங்கள். அந்த மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.