"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்து உங்களைக் கடுப்பேற்றியவர்கள்

ராயபுரம் ரயிலடி:
தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கேசரித் தட்டை வாங்கிக்கொண்டே மாப்பிள்ளையின் அத்தை, "தப்பா எடுத்துக்காதீங்க, பார்த்தா ராயபுரத்து ஆளுங்க மாதிரியே தெரியலை" என்றார். அம்மா சிரித்து வைத்தார். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். ராயபுரத்து ஆள் என்றால் கையில் கத்தியோடு கதவைத் திறப்பான் என்று நினைத்து வந்தாரா? 1856இல் எங்கள் ஊரில் ரயில் ஓட ஆரம்பித்தபோது அவர்கள் இருக்கும் தி.நகர் மாம்பலம் ஏரித் தண்ணீருக்குள் கிடந்தது. இதெல்லாம் அவர்கள் போன பிறகுதான் வாயில் வருகிறது.

எண்ணூர்க்காரி:
கேசரியோடு போனதே, சந்தோஷப்படுங்கள். 2023 டிசம்பர் 26 ராத்திரி, எங்கள் எண்ணூர் உரத் தொழிற்சாலையில் அமோனியா கசிந்த அன்று, கண் எரிச்சலோடு மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றோம். விடிந்ததும் லீவு சொல்லப் போன் செய்தால் மேலதிகாரி, "உங்களுக்குத்தான் இந்த வாடையெல்லாம் பழகியிருக்குமே" என்கிறார். பழகுமா? அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சுவரெல்லாம் கறுப்பு. லீவு கொடுத்தார், அது வேறு விஷயம்.

பெரம்பூர் லோகோ:
எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே கோபப்படுகிறீர்கள். ராயபுரம் தம்பி, அந்த அத்தை பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். என்னிடமும் ஒருவர் "பெரம்பூரா, அது சிட்டிக்குள்ளயா வருது?" என்றார். அவ்வளவுதான், விட்டுவிட்டேன். இந்த மாதிரி நேரத்தில் முதலில் சிரிக்க வேண்டும். அப்புறம் ஐ.சி.எஃப் பற்றி எடுத்துவிட வேண்டும்: 1955இலிருந்து ரயில் பெட்டி செய்கிற இடம், வந்தே பாரத் பிறந்ததே அங்கேதான். அதற்கும் மசியவில்லையா, 2024இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய நம்ம காசிமாவைச் சொல்லுங்கள். எதிராளி தானாக அடங்குவார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மூச்சுப் பயிற்சி செய்தாலும் கோபம் குறையும், முதலில் இடது மூக்கு.

காசிமேட்டுப் பொண்ணு:
லோகோ சார், மூச்சுப் பயிற்சியை இங்கே யார் கேட்டது? வீட்டில் தங்கம் வாங்கினவர் இல்லாதவங்க மரியாதைக்கு எதைக் காட்டுவது?
என் அம்மா மீன் விற்கிறார். தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகு போகாது, விலை ஏறத்தான் செய்யும். காரில் வந்த ஒருவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "கடல்ல சும்மா கிடைக்கிறதுதானேம்மா" என்றார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீயே போய் எடுத்துக்க நைனா, கடலு தோ அங்கதான் கீது" என்று கை நீட்டினார். மனிதர் சொன்ன விலைக்கே வாங்கிப் போனார். வெட்டுக்கூலி தனி.

எண்ணூர்க்காரி:
அம்மா கடை எந்தப் பக்கம்? ஞாயிற்றுக்கிழமை இருப்பாங்களா?