கிளைவ் கட்டிய கிளேர்மான்ட் மாளிகை பின்னர் என்னவாயிற்று?

ராயபுரம் வாசகர்:
புனித ஜார்ஜ் கோட்டையில் கிளைவ் குடியிருந்த வீட்டைச் சென்ற வாரம் என் மகளுக்குக் காட்டினேன். அவர் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் எழுப்பிய மாளிகை இன்று எந்நிலையில் உள்ளது என்று அவள் கேட்டாள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
ஐயா, வான்ப்ரூ என்னும் கட்டடக் கலைஞர் 1708-இல் தமக்கெனக் கட்டி, நியூகாசில் பிரபு பின்னர் விரிவாக்கிய வீடு ஒன்று அங்கே முன்பே இருந்தது. பிரபு 1768-இல் மறைந்தபின் அதை வாங்கிய கிளைவ், தாழ்வான ஈரநிலத்தில் நின்ற அவ்வீட்டை இடித்துவிட்டு, மேட்டில் புதிய மாளிகையை எழுப்பச் செய்தார். இந்தியாவில் ஈட்டிய பெருஞ்செல்வமே அதற்குச் செலவானது என்பதைத் தங்கள் மகளுக்கு அவசியம் சொல்லுங்கள். 1774-இலேயே அவர் இறந்துவிட்டதால், அங்கே நிலையாக வாழ அவருக்கு வாய்க்கவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி:
ஆசிரியர் ஐயா கூறியதற்குப் பிந்தைய வரலாறுதான் என்னை மிகவும் உருக்குகிறது. 1816-இல் பிரிட்டன் இளவரசி சார்லட்டும் அவர் கணவர் லியோபோல்டும் அங்கே குடியேறினர். மறு ஆண்டு நவம்பரில், குழந்தை இறந்து பிறந்த சில மணி நேரத்தில், 21 வயதான சார்லட்டும் அவ்வீட்டிலேயே உயிர்நீத்தார். 1848 புரட்சியில் அரியணை இழந்த பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் அங்கே அடைக்கலம் பெற்று, 1850-இல் காலமானார்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
நன்றி, அம்மா. 1930-களிலிருந்து அது பள்ளிக்கூடம். தோட்டத்தை நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது.