பத்துக்குப் பத்து ரூம்ல ஸ்பீக்கர் குமுறுது, ஹெட்போன்ல பாடறவங்க குரலே காணோம் – எதை வெச்சுக்கறது, எதைச் சரி பண்றதுங்க?

தறிச்சத்தம்:
வணக்கமுங்க. வீடு சோமனூர் பக்கம். சுவத்துக்கு அக்கட்டால தறிக்குடோன், எல்லாம் நாடாத் தறி (ஊடைங்கற குறுக்கு நூலை இழுத்துட்டு ரெண்டு பக்கமும் ஓடற கட்டைதான் நாடா). ரூம் 10க்கு 10, உயரமும் 10 அடி. தார்சு (கான்கிரீட் கூரை) வீடு, டைல்ஸ் தரை. உள்ள இரும்பு பீரோ ஒண்ணு, கட்டில் ஒண்ணு, அவ்வளவுதான். 5 இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு, சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கம்ப்யூட்டர்ல இருந்து பாட்டு.

தொந்தரவு என்னன்னா, பேஸ்ல சில சுரம் மட்டும் ரூமையே தூக்குது, சிலது கேக்கறதே இல்ல. தறி ஓடறப்ப வால்யூம் ஏத்தியே ஆகணும், பொழுதோட அப்படியே வெச்சா மேல் வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்க. பாட்டு நிறுத்தினாலும் ஆம்ப்ல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் நிக்குது. சரி, ஹெட்போனுக்கே போயிரலாம்னு போன் ஹெட்செட்டை சிபியூ பின்னாடி பச்சை ஓட்டைல சொருகினா வயலின், தபேலா எல்லாம் வருது, பாடறவங்க குரல் மட்டும் கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி அமுங்கிருது. ஹெட்செட் போயிருச்சா? ஹெட்போனுக்கு மாறறது நெஜமாவே பிரயோஜனமா, இல்ல ஸ்பீக்கரையே சரி பண்ணலாமுங்களா?

நொய்யல்_ஆடியோ:
குரல் போறதை முதல்ல பார்த்துரலாம், அது அஞ்சு நிமிச வேலை. ஹெட்செட்ல மைக் வயர்ல கால் எடுக்கற பட்டன் இருக்குமில்லீங்க? பாட்டு ஓடறப்ப அதை அமுக்கிப் புடிச்சுப் பாருங்க. குரல் திரும்பி வந்தா ஹெட்செட் நல்லாத்தான் இருக்கு.

காரணம் இதுதான். போன் ஹெட்செட் பின்ல நாலு வளையம்: நுனி இடது காது, அடுத்தது வலது, மூணாவது கிரவுண்ட் (எல்லாத்துக்கும் பொதுவா கரண்டு திரும்பற வழி), அடி மைக். கம்ப்யூட்டர் ஓட்டைக்கு மூணுதான் தெரியும். அடிப்பாகம் கிரவுண்டுன்னு நெனச்சுக்கும். சில சாக்கெட்ல கிரவுண்ட் தொடற இடம் சரியா மைக் வளையத்து மேல போய் உக்காந்துக்கும். கிரவுண்ட் அந்தரத்துல தொங்கிருச்சுன்னா ரெண்டு காதுக்கும் போறது இடது வலதுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் மட்டுந்தான். பாடறவங்க குரலை ரெண்டு பக்கமும் ஒரே அளவாத்தான் கலந்திருப்பாங்க, அதனால அது அடிபட்டுப் போயிரும். ஓரமா வெச்ச வயலின் தப்பிச்சுக்கும். பட்டனை அமுக்கினா மைக்கும் கிரவுண்டும் சேர்ந்துக்கும், குரல் வந்துரும்.

பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளிய இழுத்தாலும் வரும், ஆனா நிக்காது. நிரந்தரமா வேணும்னா நாலு வளையப் பெண் முனை ஒண்ணு, மூணு வளைய ஆண் முனை ரெண்டு (பச்சை, ரோஸ்) இருக்கற ஹெட்செட் ஸ்பிளிட்டர் வாங்குங்க. ரெண்டு பேர் சேர்ந்து கேக்கற ஸ்பிளிட்டரும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், அது இதுக்கு ஆகாது. கடைல "மைக் தனி, ஹெட்போன் தனி"ன்னு சொல்லிக் கேளுங்க.

ஈரோட்டு_மஞ்சள்:
ரூம் கதைக்கு வர்றேன். நீங்க சொன்ன அளவுலயே வில்லங்கம் இருக்குங்க. நீளம், அகலம், உயரம் மூணும் 10 அடி. நம்மூர் வெயில்ல ஒலி செகண்டுக்கு 349 மீட்டர் போகுதுன்னு வெச்சுக்குங்க. 10 அடிங்கறது 3.05 மீட்டர். சுவத்துக்குச் சுவர் போய்த் திரும்பினா 6.1 மீட்டர், 349ஐ 6.1ஆல வகுத்தா 57 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 57 அதிர்வு. அந்தச் சுரத்துக்கு ரெண்டு சுவத்துக்கு நடுவுல அலை நின்னுக்கும். செவ்வக ரூம்னா மூணு பக்கத்துக்கும் மூணு வேற எண் வந்து பாரம் பிரிஞ்சுக்கும். உங்க ரூம்ல மூணும் ஒரே எண்ல ஏறிக் குந்திக்குது. 57 குமுறும், அதோட இரட்டிப்பு 114ம் குமுறும்.

சோதிச்சுப் பாக்கணும்னா டோன் ஜெனரேட்டர் ஆப்ல 57 வெச்சு, சத்தம் கொஞ்சமா வெச்சுட்டு ரூம்ல நடங்க. சுவத்தோரமும் மூலையிலயும் தூக்கும், நட்ட நடுவுல ஏறக்குறைய காணாமப் போயிரும். ஸ்பீக்கர் குத்தமில்லீங்க, எவ்வளவு வெலைக்கு வாங்கி வெச்சாலும் இதேதான்.

ஹெட்போனோட முதல் லாபம் இங்கதான். ஓட்டறதும் கேக்கறதும் காதோட முடிஞ்சுது, ரூமே கணக்குல வராது. ரெண்டாயிரம் ரூபா ஹெட்போன் கொடுக்கற அளவான பேஸை அந்த ரூம்ல ஸ்பீக்கர்ல கொண்டு வரணும்னா ரூமை இடிச்சுத்தான் கட்டணும்.

பொள்ளாச்சி_எளநி:
நாமக்கல் முட்டை அட்டையை சுவத்துல ஒட்டினா நிக்கும்னு சொல்றாங்களே? இல்லீன்னா எங்க ஊர் தென்னைநார் மெத்தை?

ஈரோட்டு_மஞ்சள்:
முட்டை அட்டை மெல்லிசு காகிதக்கூழுங்க. கை தட்டினா வர்ற கணகணப்பு கொஞ்சம் குறையும், பேஸுக்கு ஒண்ணும் பண்ணாது. பல்லியும் கரப்பானும் குடித்தனம் வர்றதுதான் மிச்சம். தீப்புடிச்சா சொல்லவே வேண்டாம். 57 ஹெர்ட்ஸ் அலை 6 மீட்டர் நீளம். பஞ்சோ நாரோ அதை முழுசா குடிக்கணும்னா அலைல கால்வாசி, அதாவது 5 அடி தடிமன் வேணும். 10 அடி ரூம்ல பாதி அதுக்கே போயிரும்.

தென்னைநார் மெத்தை, இலவம்பஞ்சு மெத்தை, கனமான திரைச்சீலை எல்லாம் குரல் தெளிவா கேக்க உதவும். அதோட எல்லை அவ்வளவுதான்.

மின்னல்_காங்கயம்:
அந்த "ம்ம்ம்" 50 ஹெர்ட்ஸ், கரண்டு இரைச்சல். ஆம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கற ஆடியோ வயரைக் கழட்டுங்க. இரைச்சல் நின்னா கிரவுண்ட் லூப். ரெண்டுக்கும் எர்த் வேற வேற வழியா போய் வயர்ல சுத்துது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுப் பாருங்க, பாதிக்கு மேல அதுலயே அடங்கும். அடங்கலைன்னா ஆடியோ வயர் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதைப் போடுங்க. மூணு பின் பிளக்ல எர்த் பின்னை மட்டும் யாராவது வெட்டச் சொன்னா கேக்காதீங்க, உசுரு சமாச்சாரம்.

சித்திரை வைகாசில எர்த் குழி காஞ்சு கெடந்தாலும் இரைச்சல் ஏறலாம். அதுல கொஞ்சம் தண்ணி ஊத்தி வைங்க.

நொய்யல்_ஆடியோ:
இப்ப தறிச்சத்தம். ஹெட்போனுக்கு மாறச் சொல்றதுக்குப் பெரிய காரணமே இதுதான், ஆனா எந்த வகைங்கறதுல ஏமாந்துரக்கூடாது.

ரூமுக்குள்ள தறிச்சத்தம் 60 டெசிபல்னு வெச்சுக்குங்க (போன் ஆப்ல பாருங்க, துல்லியமா இருக்காது, கணக்குக்குப் போதும்). அதுக்கு மேல பாட்டு தெளிவாக் கேக்கணும்னா ஸ்பீக்கர்ல 75 பக்கம் ஓட்டணும். அதுதான் மேல் வீடு வரைக்கும் போகுது. காதுத் துளைக்குள்ள ரப்பர் முனையோட போற இன்-இயர் சரியா அடைச்சுதுன்னா வெளிச்சத்தம் 20 டெசிபலுக்கு முன்னப்பின்ன குறையும். காதுல தறி 40 ஆயிரும், பாட்டு 60ல வெச்சாவே தாராளம். சத்தம் கம்மி, நுணுக்கம் ஜாஸ்தி.

இதே கணக்குல பின்பக்கம் சல்லடை மாதிரி திறந்திருக்கற ஓப்பன்-பேக் ஹெட்போன் வாங்கினீங்கன்னா தறி அப்படியே உள்ள வரும், நீங்க ஏத்திக்கிட்டே போவீங்க. அமைதியான வீட்டுல அதுதான் ராஜா, தறிக்குடோன் பக்கத்துல தண்டம். காது மேல சும்மா தொங்கற கெட்டி பிளாஸ்டிக் இயர்போனும் அப்படித்தான்.

வயர் வெச்ச இன்-இயர், 16 இல்ல 32 ஓம் (அட்டைல போட்டிருக்கற மின் தடை அளவு), ரூபா 1500ல இருந்து 2500க்குள்ள. 250, 300 ஓம்னு போட்டிருக்கறது போன்ல முழுசா ஓடாது, தனி ஆம்ப் கேக்கும்.

கோவை_குளிரு:
நாய்ஸ் கேன்சலிங் வாங்கினா இன்னும் நல்லதில்லீங்களா?

நொய்யல்_ஆடியோ:
ஒரே சீரா வர்ற தாழ்ந்த சத்தத்தை அது நல்லாப் புடிக்கும்: தறி மோட்டார் உறுமல், ஃபேன், பஸ் இஞ்சின். மைக்ல வாங்கி எதிர் அலை உண்டாக்கறதுதான் வேலை, அதுக்கு அடுத்து என்ன வரும்னு தெரியணும். நாடா போய் பெட்டில அடிக்கற "டக் டக்" திடீர்னு வர்ற அடி, நிமிசத்துக்கு நூறு தடவைக்கு மேல. அதுல பெரும்பங்கு கீச்சு அதிர்வெண், எதிர் அலை போட்டு நிறுத்த முடியாது. அதை ரப்பர் அடைப்புதான் நிறுத்தணும். ரெண்டும் இருக்கற இன்-இயர் கெடைச்சா வாங்குங்க, ரெண்டுல ஒண்ணுதான்னா ரப்பர்.

ப்ளூடூத்னா இன்னொண்ணு. கம்ப்யூட்டர்ல மீட்டிங் ஆப் திறந்த உடனே பாட்டு பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிருச்சுன்னா பயப்படாதீங்க. ஹெட்செட் மைக்கை அது எடுத்துக்கிட்டு கால் மோடுக்குப் போயிருச்சு. சவுண்ட் செட்டிங்ல மைக்கா வேறொண்ணைக் குறிச்சு விட்டா ஸ்டீரியோ திரும்பி வரும்.

பவானி_ஜமுக்காளம்:
எல்லாரும் சேர்ந்து ஸ்பீக்கரைக் குப்பைல போட வெச்சுருவீங்க போல. ஹெட்போன்ல இடது காதுக்கு இடது மட்டும், வலதுக்கு வலது மட்டும். ஸ்பீக்கர்னா ரெண்டு காதும் ரெண்டு ஸ்பீக்கரையும் கேக்கும். பாட்டு முன்னாடி மேடை மாதிரி நிக்கும். ஹெட்போன்ல அது மண்டைக்குள்ள நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற பழைய மோனோ பாட்டுன்னா நெத்திக்கு நடுவுல ஒரு புள்ளி. கிராஸ்ஃபீட்னு ஒரு வசதி சில பிளேயர்ல இருக்கு, ஒரு பக்கத்துல கொஞ்சத்தை அடுத்த பக்கம் கசிய விடும். போட்டுப் பாருங்க, அலுப்பு குறையும். பேஸ் நெஞ்சுல வந்து இடிக்கறதும், நாலு பேர் ஒண்ணா உக்காந்து கேக்கறதும் ஹெட்போன்ல இல்லவே இல்லீங்க.

தறி நிக்கற நாள்ல ஸ்பீக்கருக்கு ஒரு வாய்ப்பு குடுங்க. மூலையில இருந்து வெளிய எடுங்க. நீங்க உக்கார்ற எடம் பின் சுவத்துல இருந்து 3¾ அடி. நட்ட நடுவும் வேண்டாம், சுவத்தோரமும் வேண்டாம். ஈக்குவலைசர் ஏபிஓன்னு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு சாஃப்ட்வேர், எந்தச் சுரத்தையும் தனியா ஏத்தி இறக்கலாம், இலவசம். அதுல 57 ஹெர்ட்ஸ், கியூ (வெட்டு எவ்வளவு குறுகலுங்கற அளவு) 5, கழித்தல் 6 டெசிபல்ல ஆரம்பிச்சு காதுக்கு ஏத்த மாதிரி நகத்துங்க. மேட்டைத்தான் வெட்டணும். காணாமப் போற சுரத்தை ஏத்தறேன்னு போனா ஆம்புக்குத்தான் பாரம், பள்ளம் அப்படியே நிக்கும்.

ராத்திரி_ஷிப்ட்:
அண்ணா, தறியில நிக்கறப்பவே இன்-இயர் மாட்டிக்கலாமுங்களா? சத்தமும் குறையும், பாட்டும் ஆச்சு.

நொய்யல்_ஆடியோ:
வேண்டாம் தம்பி. குடோனுக்குள்ள 90க்கு மேலயே இருக்கும். ரப்பர் அடைப்பு கொஞ்சம் கசிஞ்சு, அதுக்கு மேல பாட்டு கேக்கற அளவுக்கு ஏத்திட்டா 100ஐத் தொட்டுரும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90ன்னா 4 மணி நேரம். 3 டெசிபல் ஏறினா நேரம் பாதி. 100ல வாரத்துக்கே அரை மணி நேரம்கூட இல்ல. போதாக்குறைக்கு ஊடை அறுந்த சத்தம் கேக்காது, நாடா தெறிக்கறதுக்கு முன்னாடி தறி அடிக்கற மாத்தம் கேக்காது. உள்ள நிக்கறப்ப வெறும் நுரை இயர்பிளக் போடுங்க: உருட்டி மெல்லிசாக்கி, காதை மேல தூக்கிப் புடிச்சுட்டுச் சொருகி, விரியற வரைக்கும் அரை நிமிசம் விரலை எடுக்காம அமுக்குங்க. பாட்டு வெளிய வந்து.

தறிச்சத்தம்:
ரொம்ப நன்றிங்க. பட்டனை அமுக்கினா குரல் வருது, அப்ப ஸ்பிளிட்டர்தான். 57 வெச்சு நடந்தும் பாத்தாச்சு, பீரோ பக்கம் போனா கதவே அதிருது, கட்டில் நடுவுல ஒண்ணுமே இல்ல. ஒரே பாக்ஸ்ல போட்டதும் இரைச்சலும் அடங்கிருச்சு. பிரெண்டோட இன்-இயர் ஒண்ணு வாங்கி மாட்டினா இடது பக்கம் பேஸ் நல்லா இருக்கு, வலது பக்கம் சப்புனு இருக்கு. அது பழுதுங்களா?

ஈரோட்டு_மஞ்சள்:
இடது வலதை மாத்தி மாட்டிப் பாருங்க. சப்புன்னு இருக்கறது அதே வலது காதுலயே நின்னா ரப்பர் சைஸ் சரியில்ல. ரெண்டு காதுத் துளையும் ஒரே அளவா இருக்கணும்னு இல்லீங்க. ஒண்ணுக்கு மீடியம், ஒண்ணுக்கு பெருசு போட்டுக்கறது சகஜம். காத்து கசிஞ்சா முதல்ல போறது பேஸ்தான். சரியா அடைச்சிருந்தா நீங்க பேசற குரல் உங்களுக்கே பானைக்குள்ள பேசற மாதிரி கேக்கும், அதுதான் அடையாளம்.

சப்பு இயர்போனோடயே இடது காதுக்கு வந்துருச்சுன்னா முனைல இருக்கற வலையைப் பாருங்க, காது அழுக்கு அடைச்சிருக்கும். ரப்பரைக் கழட்டி, வலையைக் கீழ் பாத்து புடிச்சுட்டு, காஞ்ச பல் துலக்கற பிரஷ்ல மெதுவாத் தட்டுங்க. ஊக்கு, ஊசி விட்டுறாதீங்க. வலைக்கு அந்தப்பக்கமே டயஃப்ரம் (அதிர்ந்து சத்தம் குடுக்கற மெல்லிசு சவ்வு) இருக்கு. பிரெண்டோடதுன்னா மாட்டறதுக்கு முன்னாடி ரப்பரை சோப்புத் தண்ணில கழுவிக் காயவெச்சுப் போடுங்க.